ராச்செஸ்டர் கோட்டையில மூணு மூலை சதுரம், ஒண்ணு மட்டும் ரவுண்டு ஏன்? நார்மன் கோட்டைங்க பத்தி சில கேள்விகள்

கென்ட்_வாசி:

வணக்கம் மக்களே. கென்ட் பக்கம் குடி வந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு, இந்த வீக்எண்ட் பசங்கள கூட்டிட்டு ராச்செஸ்டர் கேஸில் போனோம். மெட்வே ஆத்தங்கரையில, கதீட்ரலுக்கு பக்கத்துலயே நிக்குது. உள்ள கூரையும் இல்ல, தளமும் இல்ல, கீழ நின்னு அண்ணாந்து பாத்தா நாலு சுவரும் வானமும்தான், ஆனா அந்த உயரம் இருக்கே, அப்படியே மிரள வைக்குது. பாத்துட்டு வந்ததுல இருந்து சில கேள்வி மண்டைய குடையுது, அங்க வச்சிருந்த போர்டு எல்லாம் படிச்சும் முழுசா பிடிபடல.

முதல்ல, நாலு மூலையில மூணு டவர் சதுரமா இருக்கு, தென்கிழக்கு மூலையில இருக்கறது மட்டும் உருண்டை. பாதி கட்டும்போது பிளான மாத்திட்டாங்களா? அப்புறம் வாசப்படி ஏன் தரையில இல்லாம மாடியில இருக்கு, சாமான் சட்டு எல்லாத்தயும் ஏத்தி இறக்கறது கஷ்டம் இல்லையா? கட்டடத்த ரெண்டா பிரிக்கற மாதிரி நடுவுல ஒரு பெரிய சுவர், அதுக்குள்ள ஒரு ஓட்டை மேல இருந்து கீழ வரைக்கும் போகுது, அது கிணறுன்னு சொன்னாங்க, சுவத்துக்குள்ள எதுக்கு கிணறு?

இன்னொண்ணு, முன்னாடி யார்க் போனப்ப பாத்தது ஒரு பெரிய மண்மேட்டு மேல சின்னதா ஒரு கல் டவர். இங்க மண்மேடே இல்ல. ரெண்டும் நார்மன்னு சொல்றாங்க, அப்ப எது நிஜமான நார்மன் டிசைன்? என் பையன் கேட்டது வேற, "இவ்ளோ கல்ல யாருப்பா தூக்கினாங்க"ன்னு. அதுக்கும் பதில் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தூண்_துலாம்:

நான் ஸ்ட்ரக்சுரல் இஞ்சினியர், வரலாறு எனக்கு ஆர்வம் மட்டும்தான், ஆனா ராச்செஸ்டர் என் மனசுக்கு ரொம்ப பிடிச்ச கட்டடம், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க.

அந்த உருண்டை மூலை பிளான் மாத்தினது இல்ல ப்ரோ, அது இடிஞ்சு விழுந்த மூலை. 1215ல ராஜா அதிகாரத்துக்கு வரம்பு வச்ச மேக்னா கார்ட்டா சாசனத்துக்கு முத்திரை வச்சு கொஞ்ச மாசத்துலயே ஜான் ராஜாவுக்கும் பிரபுங்களுக்கும் சண்டை முத்திடுச்சு, பிரபுங்க ஆளுங்க ராச்செஸ்டர பிடிச்சு உள்ள உக்காந்துட்டாங்க, ஜான் அக்டோபர்ல வந்து முற்றுகை போட்டார். கல் எறியற மெஷின் எல்லாம் வச்சு அடிச்சு பாத்தாங்க, வெளி மதில் உடைஞ்சுது, ஆனா இந்த கீப், அதாவது நீங்க பாத்த பெரிய டவர், அசையவே இல்ல. கடைசியில சுரங்கம் தோண்டினாங்க. சுரங்கம்னா உள்ள போறதுக்கான வழி இல்ல, மூலையோட அஸ்திவாரத்துக்கு கீழ மண்ண எடுத்துட்டு, எடுக்க எடுக்க மரத்தூண் முட்டு குடுத்துட்டே போறது. மொத்த மூலையும் மரத்துமேல நிக்கற நிலைமைக்கு வந்ததும் அந்த மரத்துக்கு தீ வைக்கணும். அந்த தீ நல்லா சூடேறி எரியணும்னுதான் நவம்பர் 25ஆம் தேதி ஜான் தன்னோட நீதி அதிகாரி ஹ்யூபர்ட் டி பர்குக்கு எழுதி, சாப்பாட்டுக்கு லாயக்கில்லாத கொழுத்த பன்னியா பாத்து 40 அனுப்பச் சொன்னார். அந்த கொழுப்புதான் எரிபொருள். முட்டு எரிஞ்சுது, தென்கிழக்கு மூலை அப்படியே சரிஞ்சுது.

இப்ப உங்க நடுச்சுவர் கேள்விக்கு வாங்க. மூலை விழுந்ததும் சண்டை முடியல! உள்ள இருந்தவங்க நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் போய் மிச்ச பாதியில நின்னு தொடர்ந்து சண்டை போட்டாங்க. சாப்பாடு தீர்ந்து குதிரைய வெட்டி தின்னுட்டு இருந்தவங்க, நவம்பர் 30தான் சரண்டர் ஆனாங்க. ஆனா கட்டினவர் மனசுல அந்த சுவரோட முதல் வேலை வேற, இஞ்சினியரிங் வேலை. கீப் கிட்டத்தட்ட 21 மீட்டர் சதுரம். அவ்வளவு நீளத்துக்கு ஒரே உத்தரமா ஓக் மரம் எங்க கிடைக்கும்? நடுவுல ஒரு சுவர் எழுப்பிட்டா பாதி நீளம் போதும், தளத்துக்கும் அதே, கூரைக்கும் அதே. அந்த சுவத்துக்குள்ள கிணத்து குழாய விட்டு ஒவ்வொரு மாடியிலயும் ஒரு திறப்பு வச்சதால எந்த மாடியில நின்னாலும் அங்கயே வாளி விட்டு தண்ணி இழுக்கலாம். எதிரி கீழ்த்தளத்த பிடிச்சாலும் உடனே தண்ணிக்கு திண்டாட வேண்டாம். ஒரு சுவர்ல எத்தனை காரியத்த முடிச்சிருக்காங்க பாருங்க, அங்க போறப்பல்லாம் எனக்கு அந்த ஆள் மேல மரியாதை கூடிட்டே போகுது.

உடைஞ்ச மூலைய அடுத்த ராஜா மூணாம் ஹென்றி காலத்துல திருப்பி கட்டினாங்க, அப்ப உருண்டை டவர்தான் நடைமுறையில இருந்துச்சு. உருண்டையில தனியா பேத்து எடுக்க மூலைக்கல் இல்ல, எறியற கல்லும் பட்டா வழுக்கிட்டு போகும். அதனால அந்த ஒரு மூலை மட்டும் 100 வருஷம் இளசு.

அளவும் சொல்லிடறேன். 1127ல முதலாம் ஹென்றி இந்த கோட்டைய கேன்டர்பரி ஆர்ச்பிஷப் வில்லியம் டி கார்பெய்ல் கையில குடுத்தார், கீப்ப கட்டினது அவர்தான். மேல் விளிம்பு வரைக்கும் சுமார் 34 மீட்டர், மூலை டவரோட சேத்து 38. சுவர் மூணரை மீட்டருக்கு மேல தடிமன். ஆனா அது முழுக்க செதுக்கின கல் இல்ல. வெளிப்பக்கமும் உள்பக்கமும் ஒழுங்கா கட்டிட்டு நடுவுல உடைகல்லும் சுண்ணாம்பு சாந்தும் கொட்டி நிரப்பறது. சாதாரண சுவத்துக்கு உள்ளூர் கென்டிஷ் ராக்ஸ்டோன், அது கரடுமுரடான கல், கூர்மையா செதுக்க வராது. அதனால மூலைக்கும் ஜன்னல் ஓரத்துக்கும் மட்டும் நார்மண்டில இருந்து கான் ஊர் கல்ல கப்பல்ல கொண்டு வந்தாங்க. அடுத்த தடவை போனா மூலைய கிட்டத்துல பாருங்க, நிறம் மாறறது கண்ணுக்கே தெரியும். சுவர்ல வரிசை வரிசையா சின்ன சதுர ஓட்டைங்க இருக்கும், அது ஜன்னல் இல்ல, சாரம் கட்ட மரம் சொருகின இடம்.

சுண்ணாம்பு சாந்து இறுக ரொம்ப நாள் எடுக்கும், அவசரப்பட்டு மேல ஏத்தினா கீழ பிதுங்கும். குளிர்காலத்துல பனி உறைஞ்சா சாந்து கெட்டுடும்னு வேலைய நிறுத்திட்டு சுவர் தலைய வைக்கோலும் சாணமும் போட்டு மூடி வச்சிடுவாங்க. வருஷத்துக்கு ஒரு மூணு மூணரை மீட்டர்தான் ஏறும்னு பொதுவா கணக்கு சொல்வாங்க. இந்த உயரத்துக்கு எத்தனை வருஷம்னு நீங்களே கணக்கு போட்டுக்கங்க.

பழங்கதை_பிரியை:

துலாம் சார் கல் பக்கம் அருமையா சொல்லிட்டார், நான் மண் பக்கம் சொல்றேன், ஏன்னா நார்மன் கோட்டைன்னாலே எல்லாரும் கல்லத்தான் நினைக்கறாங்க, அது எனக்கு எப்பவும் ஒரு வருத்தம். நீங்க யார்க்ல பாத்த அந்த மேடுதான் முதல் தலைமுறை, ராச்செஸ்டர்ல பாத்த கீப் அதுக்கு ரெண்டு தலைமுறை பின்னாடி வந்தது.

1066 செப்டம்பர் 28 நார்மண்டி பிரபு வில்லியம் இங்கிலாந்த பிடிக்க பெவன்சில கரை இறங்கறார். முதல் வேலையா அங்க இருந்த பழைய ரோமன் கோட்டை மதிலுக்குள்ள ஒரு மூலைய அடைச்சு தங்கறார், அடுத்து ஹேஸ்டிங்ஸ் போய் ஒரு கோட்டை போடறார், இதெல்லாம் அக்டோபர் 14 சண்டைக்கு முன்னாடியே. ஜெயிச்சதுக்கு அப்புறமா கட்டினதுன்னு நினைக்காதீங்க, வந்து இறங்கினதும் கையில எடுத்த ஆயுதமே கோட்டைதான். பேயூ டேபஸ்ட்ரின்னு இந்த படையெடுப்ப படம் படமா தைச்ச நீளத் துணில அந்த ஹேஸ்டிங்ஸ் சீன் இருக்கு, மண்வெட்டியோட ஆளுங்க மேடு எழுப்பறாங்க, மேட்ட பட்டை பட்டையா வேற வேற நிறத்துல தைச்சிருக்காங்க. ஒரு லேயர் மண், ஒரு லேயர் கல்லுன்னு மாத்தி மாத்தி போட்டு இறுக்கினதத்தான் அது காட்டுதுன்னு பல பேர் சொல்றாங்க, தோண்டி பாத்த மேடுங்கள்லயும் அந்த மாதிரி அடுக்கு கிடைச்சிருக்கு. அதே சீன்ல ரெண்டு வேலையாளுங்க மண்வெட்டியால ஒருத்தர ஒருத்தர் அடிச்சுக்கறாங்க. எதுக்கு சண்டைன்னு தைச்சவங்க சொல்லல. கட்டாய வேலைக்கு இழுத்துட்டு வந்த ஆளுங்களோட மனநிலைன்னு நான் அத எடுத்துக்கறேன்.

டிசைன் ரொம்ப எளிசு. சுத்தி அகழி வெட்டு, அந்த மண்ணையே நடுவுல குவி, மேடு ஆச்சு. மேட்டு மேல ஒரு மர டவரும் அத சுத்தி மரவேலியும். மேட்டுக்கு கீழ ஒட்டினாப்ல ஒரு பெரிய முற்றம், அதுக்கும் அகழி, கரை, வேலி, உள்ள கூடம், அடுப்படி, லாயம், கொல்லன் பட்டறை, கோயில். மேட்டுக்கும் முற்றத்துக்கும் நடுவுல ஒரு மரப்பாலம். இததான் மாட்-அண்ட்-பெய்லின்னு சொல்றாங்க. மண்ணும் மரமும் எங்கயும் கிடைக்கும், செதுக்கத் தெரிஞ்ச கொத்தனார் வேண்டாம், மண்வெட்டி பிடிக்க தெரிஞ்சா போதும். 1069ல யார்க்ல ரெண்டாவது கோட்டைய எட்டே நாள்ல போட்டுட்டு போனார் வில்லியம்னு ஆர்டெரிக் விட்டாலிஸ்ங்கற துறவி எழுதி வச்சிருக்கார். அவரே இன்னொண்ணும் சொல்றார், இங்கிலீஷ்காரங்க வீரம் உள்ளவங்கதான், ஆனா அவங்க ஊர்ல இந்த மாதிரி கோட்டைங்க அனேகமா கிடையாது, எதிர்த்து நிக்க முடியாம போனதுக்கு அதுவும் ஒரு காரணம்னு. முன்னாடி ஆல்ஃபிரட் ராஜா காலத்துல இருந்து பர்க்னு ஒண்ணு இருந்துச்சு, ஆனா அது மொத்த ஊரையும் ஜனங்களையும் சேத்து காப்பாத்தற மதில். நார்மன் கோட்டை ஒரு பிரபுவையும் அவர் குதிரைப் படையையும் அந்த ஜனங்ககிட்ட இருந்தே காப்பாத்தறது. இந்த வித்தியாசத்த பிடிச்சுக்கிட்டா மத்தது எல்லாம் தானா விளங்கும்.

உங்க பையன் கேட்டதுக்கும் பதில் இங்கதான் இருக்கு. தோண்டினது, தூக்கினது எல்லாம் தோத்துப்போன ஊர் ஜனங்க. சும்மா சொல்லல, கணக்கே இருக்கு. வில்லியம் நாடு பூரா எடுக்கச் சொன்ன கணக்கெடுப்பு, 1086 டூம்ஸ்டே பதிவேட்டுல கோட்டைக்காக போன வீடுங்கள எழுதி வச்சிருக்காங்க. லிங்கன்ல 166 வீடு, நார்விச்ல 98, ஷ்ரூஸ்பரில 51, கேம்பிரிட்ஜ்ல 27. ஊருக்கு வெளிய காலி நிலம் இருந்தும் நட்ட நடு ஊர்ல, ஜனங்க வீட்ட இடிச்சு, அந்த மண்ணாலயே மேடு போட்டிருக்காங்க. காலையில கதவத் தெறந்தா அது கண்ணுல படணும், அதுதான் வேணும்னு பண்ணது. 1087ல வில்லியம் செத்தப்ப ஆங்கிலோ-சாக்ஸன் குறிப்பேட்டுல அவர் ஆட்சிய பத்தி எழுதின பாட்டோட ஆரம்பமே, கோட்டைங்கள கட்ட வச்சார், ஏழை ஜனங்கள ரொம்ப வதைச்சார்ங்கறதுதான்.

கொத்தனாருங்க பத்தி ஒரு சின்ன விஷயம். எக்ஸிட்டர் ஊர் 1068ல 18 நாள் முற்றுகைக்கு அப்புறம் பணிஞ்சுது, உடனே அங்க ஒரு கோட்டை. அதோட வாசல் கோபுரம் இப்பவும் நிக்குது. அதுல மேல இருக்கற திறப்பு ரெண்டும் நார்மன் மாதிரி அரைவட்டமா இல்ல, தலை முக்கோணமா இருக்கும், ரெண்டு கல்ல சாய்ச்சு முட்ட வச்ச மாதிரி. அது நார்மன்காரங்க வர்றதுக்கு முன்னாடி இங்க இருந்த சாக்ஸன் பழக்கம். ஆர்டர் நார்மன்காரன் குடுத்தான், கை இங்கிலீஷ்காரனோடது. அந்த ஆளோட பேர் நமக்கு வரல, கைப்பழக்கம் மட்டும் கல்லுல நின்னுடுச்சு.

கென்ட்_வாசி:

அக்கா, துலாம் சார், ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அந்த பன்னி விஷயத்த பையன்கிட்ட சொன்னேன், ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்துட்டான். இப்ப ஒரு சந்தேகம். மரக்கோட்டை எட்டு நாள்ல முடியும்னா எதுக்கு பத்து வருஷம் செலவு பண்ணி கல்லுக்கு போனாங்க? இருக்கற மேட்டு மேலயே ராச்செஸ்டர் மாதிரி பெரிய கீப்ப தூக்கி வச்சிருக்கலாமே?

யார்க்ஷயர்_தமிழன்:

வச்சா என்ன ஆகும்னு நீங்க பாத்த அதே யார்க் மேட்டுல எழுதி இருக்கு. நான் அந்த ஊருக்காரன்ங்கறதால இத நான் சொல்றேன்.

முதல்ல மரம் எரியும். 1069 செப்டம்பர்ல டேனிஷ்காரங்களும் வடக்கத்தி கலகக்காரங்களும் யார்க்க அடிச்சப்ப, நார்மன் காவல் படையே கோட்டைய சுத்தி இருந்த வீடுங்களுக்கு தீ வச்சுது. வீட்டு மரத்த எடுத்து அகழிய நிரப்பிடுவாங்களோன்னு பயம். அந்த தீ ஊரையே பிடிச்சு மின்ஸ்டர் தேவாலயம் வரைக்கும் போயிடுச்சு. கோட்டைங்களும் தப்பல, எதிரிங்க ரெண்டையும் அழிச்சுட்டாங்க. வில்லியம் வந்து திரும்ப கட்டினார், அந்த குளிர்காலம் வடக்கு பூராவும் அவர் பண்ண அழிவு தனி கதை. 1190 மார்ச்ல அதே மேட்டு மேல இருந்த மர டவர்ல இன்னும் பெரிய கொடுமை நடந்துச்சு. ஊர்ல இருந்த யூதக் குடும்பங்க கும்பலுக்கு பயந்து ராஜாவோட கோட்டைன்னு நம்பி அங்க அடைக்கலம் புகுந்தாங்க. சுமார் 150 பேர். வெளிய கும்பல் சுத்திக்கிட்டு விடல. பெரும்பாலானவங்க அவங்க கையில சாகறதுக்கு பதிலா தாங்களே உயிர விட்டாங்க, டவர் எரிஞ்சுது, உயிர் பொழைக்கலாம்னு நம்பி வெளிய வந்தவங்களயும் கொன்னாங்க. அடிவாரத்துல நினைவுக்கல் இருக்கு. அந்த மேட்டுல ஏறப்போறவங்க அங்க ஒரு நிமிஷம் நின்னுட்டு போகணும்.

இப்ப இருக்கற கல் டவர், கிளிஃபர்ட்ஸ் டவர், 1245ல மூணாம் ஹென்றி ஆரம்பிச்சது. அதாவது நார்மன் மேட்டுல உக்காந்திருக்கற ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல பிந்தின கட்டடம். நாலு இதழ் பூ மாதிரி பிளான். கொட்டின மண்ணு எத்தனை வருஷம் ஆனாலும் பாறை ஆகாது. 1315, 1316 வெள்ளத்துல மேட்டோட அடிவாரம் ஊறி இளகுச்சு, 1360 வாக்குல டவர் மேல இருந்து கீழ வரைக்கும் விரிசல் விட்டுடுச்சு. இன்னிக்கும் அந்த விரிசல பாக்கலாம். 2022ல உள்ள புதுசா மரத்துல ஒரு மேடையும் படிக்கட்டும் வச்சாங்க பாருங்க, அது பழைய சுவத்துமேல பாரம் ஏத்தாம தனியா கால் ஊனி நிக்குது, அதுக்கு கீழ பாரத்த பரப்பறதுக்குன்னே கான்க்ரீட் ராஃப்ட். 950 வருஷ பழைய மேட்டு மேல இப்பவும் பயந்து பயந்துதான் கட்ட வேண்டியிருக்கு.

தூண்_துலாம்:

யார்க் அண்ணன் சொன்னதுக்கு மேல ஒரே ஒரு விஷயம். நார்மன்காரங்களுக்கு இந்த மண் பிரச்சனை நல்லாவே தெரிஞ்சிருந்துது, அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வழிங்களப் பாத்தா ஆச்சரியமா இருக்கும். சிலர் மேட்டு மேல கனமான டவர விட்டுட்டு, விளிம்ப சுத்தி மெல்லிசா வளையமா மட்டும் சுவர் எழுப்பி, அதுல சாய்ச்ச மாதிரி உள்பக்கம் கூடம், அறை எல்லாம் கட்டிக்கிட்டாங்க, டோட்னெஸ்ல அந்த மாதிரி சுவர பாக்கலாம். பாரம் பரவிடும். கில்ட்ஃபோர்ட்ல மேட்டு நடுவுல வைக்காம ஒரு சரிவுல தள்ளி வச்சு, ஒரு பக்க சுவர கீழ இருக்கற சுண்ணாம்புப் பாறை வரைக்கும் இறக்கியிருக்காங்க. ஃபார்ன்ஹாம்ல 1138ல ஹென்றி ஆஃப் ப்ளாய்ஸ், விஞ்செஸ்டர் பிஷப், இதுக்கும் மேல போனார். தரை மட்டத்துல இருந்தே டவர் அஸ்திவாரத்த எழுப்பி, அத சுத்தி மண்ண கொட்டி மேடு ஆக்கிட்டார். பாக்கறவனுக்கு மேட்டு மேல டவர், ஆனா பாரம் எல்லாம் நேரா தரைக்கு போகுது. 1958ல தோண்டி பாத்தப்பதான் இது வெளிய வந்துச்சு.

லண்டன் ஒயிட் டவர், கோல்செஸ்டர், ராச்செஸ்டர் மாதிரி பெரிய கீப்புக்கு மேடே இல்லாததுக்கு காரணம் இதான், கெட்டி தரை வேணும். கோல்செஸ்டர்ல ரோமன் ராஜா கிளாடியஸ் கோயிலோட பழைய மேடைய அப்படியே உள்ள வச்சு சுத்தி சுவர் எழுப்பிட்டாங்க, கல்லுக்கு பஞ்சமான ஊர்ங்கறதால ரோமன் செங்கலயே பேத்து பயன்படுத்தினாங்க. பரப்பளவுல பாத்தா இங்கிலாந்துல அதுதான் பெரிய கீப், ஒயிட் டவர விட பெருசு.

வாள்_வீச்சு:

வாசல் மாடியில இருக்கற கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. பாதுகாப்புதான் காரணம், எதிரி மரம் தூக்கிட்டு வந்து கதவ இடிக்க முடியாது. வளைஞ்சு போற படிக்கட்டும் அப்படித்தான், வலஞ்சுழியா போகும், மேல இருந்து இறங்கறவனுக்கு வலது கை வீச இடம் இருக்கும், கீழ இருந்து ஏறறவன் கை தூணுல இடிக்கும். ஒவ்வொரு அங்குலமும் சண்டைக்குன்னே யோசிச்ச டிசைன்.

பழங்கதை_பிரியை:

வாசல் பத்தி சொன்னதுல பாதி சரி, ஆனா படிக்கட்டு கதை வேண்டாம் தம்பி. அது 1902ல தியடோர் ஆண்ட்ரியா குக்னு ஒருத்தர் ஒரு கட்டுரையில எழுதினதுல இருந்து பரவினது, அந்தக் காலத்து ஆளுங்க எழுதினதுல ஆதாரம் கிடையாது. இடஞ்சுழி படிக்கட்டு உள்ள கோட்டைங்க நிறையவே இருக்கு. எதிரி படிக்கட்டு வரைக்கும் வந்துட்டான்னா சண்டை ஏற்கனவே தோத்தாச்சு, மேல இருக்கறவன் பேரம் பேசத்தான் பாப்பான். அம்பு எய்யற துளையையே எடுத்துக்கங்க, ஒவ்வொரு அங்குலமும் சண்டைக்குன்னா ஆரம்பத்து கீப்புங்கள்ல அது நிறைய இருக்கணும்ல? 12ஆம் நூற்றாண்டு கடைசி பக்கம்தான் அது ஒழுங்கா வர ஆரம்பிக்குது.

மாடி வாசலுக்கு சண்டையும் ஒரு காரணம், மறுக்கல. கீழ்த்தளம் முழுக்க குதிர், பீப்பாய், இருட்டு, அங்க ஜன்னல் வச்சா பலவீனம், அதனால வீடு மாடியில இருந்துதான் ஆரம்பிக்குது. ஆனா நார்ஃபோக்ல கேஸில் ரைசிங் போய் பாருங்க, 1138 வாக்குல வில்லியம் டி'ஆபினி கட்டினது. வாசலுக்கு போற படிக்கட்டுக்குன்னே தனியா ஒரு கட்டடம், வெளிச்சுவர் பூரா பின்னல் வளைவும் செதுக்கலும், படி அகலமா, நடுவுல கதவு, மேல ஒரு முன்கூடம். எதிரிய தடுக்க மட்டும் இவ்வளவு செதுக்கல் எதுக்கு? அது பிரபுவ பாக்க வர்றவன் மெதுவா ஏறணும், ஏற ஏற தான் யார்கிட்ட போறோம்னு மனசுல பதியணும்னு கட்டினது. எஸெக்ஸ்ல ஹெடிங்ஹாம் கீப் வெளிய இருந்து பாத்தா கூடத்துக்கு மேல இன்னொரு மாடி ஜன்னலோட இருக்கற மாதிரி தெரியும். ஆராய்ஞ்சு பாத்தா அங்க முதல்ல மாடியே இல்ல, கூரை அந்த சுவத்துக்கு பின்னாடி பள்ளத்துல ஒளிஞ்சிருந்துது. ஒயிட் டவர்லயும் இதே வேலைதான், மேல் மாடி 1490ல வந்தது. உயரம் தெரியணும்னே சுவர ஏத்தியிருக்காங்க.

அதே சமயம் அது குடும்பம் நடத்தற வீடும்தான். சுவத்துக்குள்ளயே குடைஞ்ச அறைங்க, கழிப்பிடம், அதோட சரிவு நேரா வெளிச்சுவர் வழியா கீழ போயிடும், அடுப்பு சுவரோட, புகை பக்கவாட்டுல ஓட்டை வழியா வெளிய. ராச்செஸ்டர்ல கூட ரெண்டாவது மாடி வளைவுங்கள பாத்திருப்பீங்க, கோணல் கோணலா பல் மாதிரி செதுக்கல், அந்த கூடம் ரெண்டு மாடி உயரம். கீழ இருக்கற ரெண்டு தளத்துல அந்த அளவு அலங்காரம் கிடையாது. யாருக்காக எந்த மாடின்னு அதுலயே தெரியுது.

வாள்_வீச்சு:

அலங்காரம் இருக்குங்கறது சரிதான் அக்கா, ஆனா காட்சிக்காக மட்டும் ஒரு ஆர்ச்பிஷப் மூணரை மீட்டர் சுவர் கட்ட மாட்டார். 1135ல இருந்து 1154 வரைக்கும் ஸ்டீபனுக்கும் மட்டில்டாவுக்கும் யாருக்கு கிரீடம்னு நடந்த சண்டை பூராவும் கோட்டைய சுத்திதான் நடந்துச்சு. 1142 டிசம்பர்ல மட்டில்டா ஆக்ஸ்ஃபோர்ட் கோட்டையில மாட்டிக்கிட்டு, ராத்திரி வெள்ளைத் துணி போத்திக்கிட்டு பனியில நடந்து உறைஞ்ச ஆத்த தாண்டி தப்பிச்சாங்க. ஒரு கோட்டை விழறதுக்கும் நிக்கறதுக்கும் நடுவுல ஒரு நாட்டோட கிரீடமே தொங்கிட்டு இருந்த காலம் அது. 1154ல ரெண்டாம் ஹென்றி வந்ததும் அனுமதி இல்லாம முளைச்ச கோட்டைங்கள இடிக்கறதத்தான் முதல் வேலையா வச்சுக்கிட்டார்.

தூண்_துலாம்:

ரெண்டு பேர் சொல்றதுக்கும் ரெண்டாம் ஹென்றி கட்டினதுலயே சாட்சி இருக்கு. 1165ல இருந்து 1173 வரைக்கும் சஃபோக் கடற்கரையில ஆர்ஃபோர்ட் கட்டினார். வெளிய பல பக்கம், உள்ள வட்டம், மூணு பக்கம் டவர் துருத்திட்டு நிக்கும், காவல் தலைவன் அறைக்கு போற வழியில சுவத்துக்குள்ள சிறுநீர் கழிக்கக்கூட தனி இடம் வச்சிருக்காங்க, அவ்வளவு நுணுக்கமான பிளான். சதுர மூலை பலவீனம்னு அப்பவே தெரிஞ்சிருந்தா 1180கள்ல டோவர்ல ஏன் திரும்பவும் பெரிய சதுரம் கட்டணும்? மாரிஸ்ங்கற இஞ்சினியர வச்சு, 30 மீட்டர் சதுரத்துல, சில இடத்துல 6 மீட்டருக்கு மேல சுவர் தடிமன் வச்சு, 6000 பவுண்டுக்கு மேல செலவு பண்ணி. ஃபிரான்ஸ்ல இருந்து கப்பல்ல வர்றவன் கண்ணுல முதல்ல படறது அந்த டவர்தான், ராஜாவோட வீடுன்னா சதுர கீப்னு ஒயிட் டவர் காலத்துல இருந்து பழகிப்போச்சு. ஆனா சண்டைக்குன்னு அவர் பண்ணது வேற, அத கீப்ல தேடாதீங்க. கீப்ப சுத்தி மதில் கட்டி வரிசையா டவர் துருத்த விட்டார், ஒரு டவர்ல இருந்து அடுத்த டவர் அடிவாரம் வரைக்கும் அம்பு போகும், அதுக்கும் வெளிய இன்னொரு மதில். 1216ல ஃபிரெஞ்சு இளவரசர் லூயி வந்து வடக்கு வாசல் டவர்ல ஒண்ண சுரங்கம் வச்சு சாய்ச்சும் கோட்டைய பிடிக்க முடியல.

கென்ட்_வாசி ப்ரோ, உங்களுக்கு டோவர் பக்கம்தானே, அடுத்த வீக்எண்ட் பசங்கள அங்க கூட்டிட்டு போங்க. ராச்செஸ்டர் மாதிரி வெறும் கூடு இல்ல, தளம் கூரை எல்லாம் இருக்கு, மாடி அறைங்கள அந்தக் காலத்து மாதிரியே நாற்காலி கட்டில் போட்டு வச்சிருக்காங்க. கீப்புக்குள்ள கிணறு இருக்கு, 100 மீட்டருக்கு மேல ஆழம், கிணத்தடியில இருந்து மத்த இடத்துக்கு தண்ணி போக ஈயக் குழாய் வச்ச தடம் சுவத்துல இருக்கும், அத கேட்டு பாருங்க. முடிச்சதும் வடக்கு முனையில, லூயி உடைச்ச இடத்த அப்புறம் வாசலே இல்லாம அடைச்சு கட்டினதயும் பையனுக்கு காட்டுங்க.

கென்ட்_வாசி:

போயிட்டு வந்து ஃபோட்டோ போடறேன் சார். யார்க்ஷயர் அண்ணா, 1190 விஷயம் நாங்க போனப்ப எங்களுக்கு தெரியாது, நினைவுக்கல்ல கவனிக்கவே இல்ல. அது மேட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கு?

யார்க்ஷயர்_தமிழன்:

மேல ஏறற படிக்கட்டுக்கு பக்கத்துலயே, அடிவாரத்துல இருக்கு. மார்ச் மாசம் வந்தா மேடு முழுக்க டாஃபடில் பூத்து கிடக்கும், அந்த 1190ல நடந்ததுக்காக யூதர்களோட ஆறு முனை நட்சத்திரம் மாதிரி ஆறு இதழ் உள்ள பூவா பாத்து வச்சதுன்னு இங்க சொல்வாங்க. வர்றதுக்கு முன்னாடி சொல்லுங்க, அங்க இருந்து ஆத்த தாண்டினா பெய்ல் ஹில்னு வில்லியமோட இன்னொரு கோட்டை மேடு மரம் மூடி நிக்குது, யாரும் கண்டுக்கறதில்ல, அதையும் சேத்து காட்டறேன்.